மதம் இல்லைன்னா நாத்திகர்னு அர்த்தமா?

அமெரிக்காவுல 28% பேர் நாத்திகர் ஆகிட்டாங்கன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது, அது தப்பு. நம்பர் நிஜம்தான், பியூ ரிசர்ச் சென்டர் 2023ல பெரியவங்ககிட்ட எடுத்த சர்வேல வந்தது, ஆனா அது எந்த மதத்தையும் சேராதவங்களோட மொத்தக் கணக்கு. உங்க மதம் என்னன்னு கேட்டதுக்கு அவங்கள்ல 17% பேர்தான் நாத்திகர்னு சொன்னாங்க, 20% பேர் கடவுள் இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாதுங்கிற ரகம், மீதி 63% பேர் "குறிப்பா எதுவும் இல்ல"ங்கிற ஆப்ஷனைத்தான் எடுத்தாங்க. இந்த 28%ல பெரும்பாலானவங்க கடவுளையோ ஏதோ ஒரு மேலான சக்தியையோ நம்புறவங்க, வழிபாட்டுக்குன்னு தவறாம போறவங்கதான் ரொம்பக் கம்மி. தனியா உக்காந்து பிரார்த்தனை பண்றவரை நாத்திகர் லிஸ்ட்ல சேர்த்தா அவருக்கும் அநியாயம், உண்மையான நாத்திகருக்கும் அநியாயம்ங்க. ஷேர் பண்ணவங்க தயவுசெஞ்சு அதே குரூப்ல இந்தத் திருத்தத்தையும் போடுங்க.