கரைந்து போகிற மீனுக்கு 70 வெள்ளியா?

எதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று உங்களுக்கே தெரியும். இந்த வாரம் எங்கள் பேராக் மாநில ஊத்தான் மெலிந்தாங்கில், மலிவு மீன் டின்னையும் விலை கூடிய மீன் டின்னையும் ஒரு தம்பி ருசி பார்க்கிற அந்த வீடியோ போகாத கைப்பேசி இல்லை. எனக்கும் வந்தது, ஆளுக்கு ஒரு சிரிக்கிற முகத்தோடு. “அண்ணே, இதப் பாருங்க, உங்க ஏரியா.” ஆமாம், என் ஏரியாதான். அதனால்தான் எழுதுகிறேன்.

வீடியோ போட்ட தம்பியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. இப்போது கே.எல்.லில் (கோலாலம்பூரில்) நல்ல வேலையில் இருக்கிறான், சந்தோஷம். மேசையில் இரண்டு ஆன்சோவி டின்னை, அதாவது உப்பில் ஊறி எண்ணெயில் அடைத்த சின்ன மீன் டின்னை, வைத்தான். ஒன்று தெலுக் இந்தான் பேரங்காடியில் வாங்கிய 12 வெள்ளி (ரிங்கிட்) டின். இன்னொன்று ஸ்பெயினிலிருந்து வந்த 70 வெள்ளி டின். முதல் டின்னிலிருந்து ஒரு துண்டை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, டிஷ்யூவில் துப்பினான். இரண்டாவதை வெண்ணெய் தடவிய ரொட்டியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். “லயத்து நாக்குக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது” என்று, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை நடுவில் இழுத்துச் சிரித்தானே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

சரி. லயத்து நாக்கு கொஞ்சம் பேசட்டும்.

70 வெள்ளி டின் நல்ல மீன். இதை நான் மறுக்கவே இல்லை, மறுத்ததாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். ஸ்பெயினின் வடக்கே கான்டாப்ரியக் கடலில், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கொழுப்பு ஏறிக் கரைப்பக்கம் வருகிற மீனைப் பிடிக்கிறார்கள். தலையையும் குடலையும் கிள்ளி எடுத்து, ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு மீன் என்று பீப்பாயில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றி விட்டுவிடுகிறார்கள். குறைந்தது அரை வருடம் கிடக்கும், சில பேரிடம் ஒரு வருடத்துக்கு மேலும் கிடக்கும். மீனின் உடம்பிலேயே இருக்கிற நொதிகள் அந்தக் காலத்தில் புரதத்தை உடைத்து, வெளிறிய சதையைச் செம்பழுப்பாக்கிவிடும். ருசி அங்கே பிறப்பதுதான். பிறகு கழுவி, தோலைத் தேய்த்து எடுத்து, நடுமுள்ளைப் பிரித்து, கண்ணுக்கே சரியாகத் தெரியாத முள்ளையெல்லாம் பொறுக்கி, ஆலிவ் எண்ணெயில் படுக்க வைக்கிறார்கள். எல்லாம் கைவேலை. சந்தோனியா என்ற ஊர் இதற்குப் பேர் போனது, செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

12 வெள்ளி டின்னில் இருப்பது பெரும்பாலும் மொராக்கோ பக்கத்து மீனாகவோ தென்னமெரிக்கக் கடல் மீனாகவோ இருக்கும். உப்பில் கிடந்த காலம் குறைவு. எண்ணெய் சூரியகாந்தி. உப்பு தூக்கல், முள் அங்கங்கே தட்டும். ரொட்டியில் வைத்து அப்படியே சாப்பிட வேண்டுமா? 70 வெள்ளி டின்தான். நானே சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நம் வீடுகளில் யார் அதை அப்படியே சாப்பிடுகிறோம்? எண்ணெயைக் காய வைத்து, நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, மூன்று நாலு துண்டு மீனைப் போட்டுக் கரண்டியால் அழுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் மீன் காணாமல் போய்விடும். அழகாக நீட்டி வைத்த உருவம் போச்சு. முள் பொறுக்கிய பெண்ணின் உழைப்பு போச்சு. ஆலிவ் எண்ணெய் வாசனை பூண்டு வாசனைக்குள் போச்சு. மிஞ்சுவது உப்பும், சாப்பிட்டு முடித்த பிறகும் நாக்கில் நிற்கிற அந்த ருசியும். அதை 12 வெள்ளி டின்னும் தருகிறது. வேறு உப்பு மட்டும் போடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். கரைந்து போகிற மீனுக்கு எதற்கு 70 வெள்ளி?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பினாங்கில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் நான் பல வருடம் நின்றவன் என்பது இந்தப் பக்கத்தில் இருக்கிற பழைய ஆட்களுக்குத் தெரியும். ஹோட்டல் பெயர் வேண்டாம். குளிரறையில் மேல்தட்டில் விலை கூடிய சின்ன டின்கள், கீழ்த்தட்டில் பெரிய மலிவு டின்கள். தலைமைச் சமையல்காரர் இத்தாலிக்காரர். புதிதாக வந்த பையன் ஒருவன் சாஸுக்காக மேல்தட்டு டின்னைத் திறந்துவிட்டான். அவர் கத்திய கத்தலில் பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டார்கள். சட்டிக்குள் போகிறதற்கு இதையா திறந்தாய் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம், நடுவில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. மலிவு டின்னில் செய்த அதே சாஸைச் சாப்பிட்டுவிட்டுச் சமையல்காரரை மேசைக்கு வரச் சொல்லிக் கைகொடுத்த வெள்ளைக்காரர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன நாக்கு? அவர்களும் லயமா?

அப்புறம், அந்த வீடியோவில் யாருமே கவனிக்காத ஒன்று. ஆன்சோவி டின் சார்டின் டின்னைப் போன்றதல்ல. சார்டினை டின்னில் அடைத்து மூடிய பிறகு கடும் சூட்டில் வேக வைத்துக் கிருமியைக் கொன்றுவிடுகிறார்கள். அதனால் அது அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆன்சோவிக்கு அந்த வேக்காடு இல்லை, உப்புதான் அதற்குக் காவல். அதைக் குளிரில் வைக்க வேண்டும். வெளியே கிடந்தால் சதை குழைந்து, உப்புக் கரித்து, வாடை ஏறிவிடும். நம் பக்கத்துக் கடையில் எங்கே வைக்கிறார்கள்? சார்டினுக்குப் பக்கத்தில். தம்பியின் ஸ்பெயின் டின் குளிர்ப்பையிலிருந்து வெளியே வருவதை வீடியோவிலேயே பார்க்கலாம். 12 வெள்ளி டின் காரின் பின்சீட்டில் பிளாஸ்டிக் பையில் கிடந்து வந்ததையும் அதிலேயே பார்க்கலாம். ஒருவனை ஏர்கோனில் உட்கார வைத்து, இன்னொருவனை உச்சி வெயிலில் ஓடவிட்டு, யாருக்கு வேர்க்கிறது பார் என்பது என்ன போட்டி?

“சந்தோனியா என்று டின்னில் போட்டிருக்கிறதே அண்ணே” என்று ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார். அங்கே அடைத்தது என்பதும் அந்தக் கடலில் பிடித்தது என்பதும் ஒன்றல்ல ஐயா. மீன் வளம் சரிந்து போய், 2005லிருந்து 2010 வரை அந்தக் கடல் இருக்கிற பிஸ்கே வளைகுடாவில் இந்த மீன்பிடிப்பை ஏறக்குறைய மூடியே வைத்திருந்தார்கள். அதற்காக அந்த ஊர்த் தொழிற்சாலைகள் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினவா? வேறு கடல் மீனை வாங்கி அடைத்தார்கள். டின்னைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். முன்பக்கப் படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொருவர், “அப்படியானால் நம்ம பிலிஸே போதுமே, எதற்கு டின்?” என்கிறார். இல்லை. பிலிஸ் என்கிற நம் நெத்திலியும் ஆன்சோவியும் ஒரே குடும்பம்தான், ஆனால் இது வேறு வேலை. பிலிஸைப் பிடித்த கையோடு உப்புத் தண்ணீரில் வேக வைத்துக் காய வைக்கிறார்கள். வெந்தவுடன் நொதிகள் செத்துப் போகும். அதனால்தான் அது எண்ணெயில் மொறுமொறுப்பாகிறதே தவிரக் கரைவதில்லை. டின் மீனுக்கு நம் நாட்டில் உறவு தேட வேண்டுமென்றால் கிளந்தான் புடுவிடம் போக வேண்டும். நெத்திலியை உப்பில் மாதக்கணக்கில் ஊற வைத்த சாறு. தம்பிக்குப் புடுவைக் கொடுத்துப் பாருங்கள், அதற்கும் டிஷ்யூ தேடுவான். அதே சங்கதியை இத்தாலியின் செத்தாரா ஊரில் மரப்பீப்பாயிலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்கிக் கொலாத்தூரா என்று சின்ன போத்தலில் அடைத்துக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்வான்.

நெத்திலி என்றதும் அம்மா ஞாபகம் வருகிறது. அம்மா பால்மரம் வெட்டினவர், ரப்பர் பாலுக்காக மரத்தைக் கீறுகிற வேலை. சம்பள நாளில் சீனர் கடையில் பற்றைக் கட்டிவிட்டு, மீதிக் காசில் பிலிஸ் வாங்குவார். “பங்கோர் சரக்கு” என்று கடைக்காரர் சொன்னால் அம்மா பதில் பேசமாட்டார். மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். ஒன்றை வளைத்துப் பார்ப்பார். பட்டென்று உடைந்தால் நன்றாகக் காய்ந்தது, வளைந்து கொடுத்தால் ஈரம், எடைக்கு வைத்திருக்கிறான் என்று அர்த்தம். வயிறு வெடித்த மீன் அதிகமாக இருந்தால் மூட்டையை விட்டே நகர்ந்துவிடுவார். பிடித்ததும் வேக வைக்காமல் போட்டு வைத்திருந்தால்தான் நெத்திலிக்கு வயிறு வெடிக்கும். வாயில் ஒன்றைப் போட்டு மென்றுவிட்டு, “போன மாசத்து மீனு, இதுக்கு இந்த வெலயா?” என்பார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே வேறு மூட்டையைப் பிரிப்பார். வீட்டுக்கு வந்து, லயத்து வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிக் குடலை எடுப்பார். அவ்வளவும் கை. சந்தோனியாவில் செய்தால் கலை, எங்கள் வாசலில் செய்தால் இல்லாத கொடுமை, அப்படித்தானே?

அந்த நாக்கைப் பார்த்துத்தான் வித்தியாசம் தெரியாத நாக்கு என்கிறான்.

“அவன் விளையாட்டுக்குச் சொன்னான் அண்ணே, நீங்கள்தான் மனதில் எடுத்துக்கொள்கிறீர்கள்.” இதைத்தான் அதிகம் பேர் சொல்கிறார்கள். விளையாட்டா? விளையாட்டு என்றால் தன் நாக்கைச் சொல்லிச் சிரித்திருக்கலாமே. மலிவு டின்னைத் திட்டு, கடைக்காரனைத் திட்டு, எண்ணெயைத் திட்டு. மீன் ருசியில்லை என்று சொல்வதற்கு லயம் எதற்கு நடுவில்? கே.எல்.காரன் நாக்கு என்று சொன்னால் பார்க்கிறவன் சிரிக்கமாட்டான், லயம் என்றால் சிரிப்பான், அது தம்பிக்கு நன்றாகத் தெரியும். அவன் அம்மா வாரத்தில் பாதி நாள் என் கடையில்தான் நாசி லெமாக் பொட்டலம் வாங்குகிறார். வீடியோ வந்த மறுநாளும் வந்தார். “பாத்தீங்களா தம்பி, எம் மவன் எப்படிப் பேசுறான், அத்தன பேரு பாத்திருக்காங்களாம்” என்றார், முகமெல்லாம் பெருமை. நான் என்ன சொல்வது? “ஆமாக்கா, நல்லா பேசுறான்” என்று சொல்லி, சம்பல் கொஞ்சம் கூட வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அந்த அக்காவும் லயத்தில் பிறந்தவர்தானே. அவர் சமைத்ததில் வளர்ந்த நாக்குதானே அவன் வாயில் இருப்பது?

மலிவு டின்னுக்குப் பின்னால் மலிவுக் கூலி இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று ஓர் ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 70 வெள்ளியில் எவ்வளவு அந்தப் பெண்ணின் கைக்குப் போகிறது என்று தம்பியும் சொல்லவில்லை. விடுங்கள், அது வேறு நாள் பேச்சு.

பொறாமை என்கிறார்கள். எதற்குப் பொறாமை? அந்த டின்னை நான் நூற்றுக்கணக்கில் திறந்தவன். தம்பி மெச்சுகிற அந்தச் சந்தோனியா யார் கட்டியது தெரியுமா? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிசிலியிலிருந்து உப்புப் போடத் தெரிந்தவர்கள் மீனைத் தேடி அந்தக் கரைக்குப் போனார்கள். அவர்களில் ஜியோவான்னி வெல்லா என்பவர்தான் முள் நீக்கிய மீனை எண்ணெயில் அடைக்கிற முறையைத் தொடங்கியவர் என்று அந்த ஊரே கொண்டாடுகிறது. சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்களும், தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களும் உண்டாக்கிய ருசி அது. நம் ஆட்களும் கப்பலேறிப் பிழைக்க வந்தவர்கள்தான். அங்கே அவர் பெயரைப் பெருமையாகச் சொல்கிறார்கள். இங்கே நம் பிள்ளை கேமராவுக்கு முன்னால் நம்மைச் சொல்லிச் சிரிக்கிறான்.

நான் யாரையும் 70 வெள்ளி டின் வாங்காதே என்று சொல்லவில்லை. காசு இருக்கிறதா, ரொட்டி இருக்கிறதா, வாங்கிச் சாப்பிடுங்கள். பீட்சா மேலே வைக்க, சாஸில் கரைக்க, காய் பிரட்ட என்றால் 12 வெள்ளி டின் போதும் என்று மறுபடியும் சொல்கிறேன். இதைச் சொல்கிறதற்கு எனக்கு எந்த நாக்கு வேண்டும் என்று தம்பி வந்து சொல்லட்டும். பதில் வீடியோ போடுவானாம், கேள்விப்பட்டேன். போடட்டும்.

கீழே அவனைத் திட்டி எழுதுகிறவர்களின் கருத்தை நான் அழித்துவிடுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் அம்மாவுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுவார்கள். உருப்படியாக எழுத வேண்டுமென்றால், தெலுக் இந்தான், சித்தியவான் பக்கம் எந்தக் கடையில் ஆன்சோவி டின்னைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள் என்று எழுதுங்கள். நான் கேட்ட கடையில் அந்தப் பையன் என்னைச் சார்டின் அலமாரிக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போனான்.