ரெண்டு வேளைக்கு மாத்திரை

நேற்று இரவு மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்றவர், கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "காய்ச்சல், தொண்டை வலி. ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க" என்றார். எத்தனை நாளாகக் காய்ச்சல், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று ஒரு கேள்விகூடக் கிடையாது. கடைக்காரர் அலமாரியிலிருந்து நான்கு அட்டைகளை உருவி, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக நறுக்கினார். அவற்றில் ஒன்று செஃபிக்ஸிம், பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக். அதன் காலாவதித் தேதி கடையிலிருந்த மிச்சத் துண்டோடு தங்கிவிட்டது. பெயர் பாதியில் வெட்டுப்பட்ட இரண்டு மாத்திரைகள்தாம் காகித உறைக்குள் விழுந்தன. "சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க" என்பதோடு வைத்தியம் முடிந்தது.

செஃபிக்ஸிம், 2014 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள எச்1 பட்டியலில் இருக்கும் மருந்து. சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. எழுதிய மருத்துவர், நோயாளி, கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அங்கே யாரும் பேனாவைக்கூடத் தொடவில்லை. பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, அதற்கு இந்த மருந்தால் எந்தப் பயனும் இல்லை என்பதை அந்தப் படித்த மனிதருக்கு யார் சொல்வது?

மருத்துவரிடம் போனால் டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும், கட்டணமும் கொடுக்க வேண்டும், கடைசியில் இதே மாத்திரையைத்தான் எழுதுவார் என்பார்கள். அரசு மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடுமே என்று தவிக்கும் கட்டடத் தொழிலாளியின் மீது எனக்குக் கோபமில்லை. காரில் வந்தவருக்கு என்ன கேடு?

என் அப்பாவும் இதே நியாயத்தைத்தான் பேசினார். முட்டி வலிக்கு என்றோ ஒரு மருத்துவர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை, பழைய அட்டையைக் காட்டிக் காட்டியே எட்டு மாதம் வாங்கி விழுங்கினார். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் அதையும் சேர்த்து இப்படி நாள்கணக்கில் சாப்பிட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டமே குறைந்துவிடும் என்று, அட்டையை வாங்கிப் பார்த்த ஒருவராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். கால் வீங்கிய பிறகுதான் இரத்தப் பரிசோதனை எடுத்தோம்; சிறுநீரகம் பழுதானால் ஏறும் கிரியேட்டினின் அளவு 2.8. மருத்துவர் சீட்டின் மேலேயே சிவப்பு மையில், வலி மாத்திரை எதுவும் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டைத்தான் நேற்று நீட்டினேன். கடைக்காரர் மேலிருந்து கீழே வரை படித்தார், மருந்துகளை எடுத்து வைத்தார், பிறகு மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "அப்பாவுக்கு முட்டி வலி இப்ப எப்படி இருக்கு? லேசா ஒரு மாத்திரை வந்திருக்கு, ரெண்டு நாளைக்குத் தரட்டுமா?"