சமாதானத்துக்கு ஸ்தோத்திரம் சொன்னால் சுயநலமா?

ஞாயிறு சாட்சி நேரத்தில் நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள், வராதவர்களுக்கும் இதற்குள் செய்தி எட்டியிருக்கும். "சமாதானமான தேசத்தில் வைத்திருக்கிறதற்காக ஸ்தோத்திரம்" என்று நம் சபை அக்கா ஒருவர் சொன்னார். அது "உபத்திரவப்படுகிற விசுவாசிகளை மறந்த சுயநல ஜெபம்" என்று அடுத்து மைக் பிடித்த சகோதரர் சொன்னார். பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

சமாதானத்துக்கு நன்றி சொல்வது சுயநலம் இல்லை. வேலை கிடைத்ததற்கு, வீடு கட்டியதற்கு, விசா வந்ததற்கு எல்லாம் சாட்சி சொல்கிறோம், சபையே ஆமென் சொல்கிறது. வேலையில்லாதவனை மறந்துவிட்டாயா என்று அப்போது யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் உயிரோடு வீடு திரும்புகிறார்கள் என்று ஒரு தாய் நன்றி சொன்னால் மட்டும் கேட்பீர்களா?

அக்கா போர் நடந்த இடத்திலிருந்து வந்தவர். அவருடைய ஜெபம் எப்போதும் ஒன்றுதான்: "வெளியே போன எல்லாரும் வந்து சேர்ந்தார்கள், ஸ்தோத்திரம்." ஒருநாள் அவருடைய மகன் வர நேரமாகிவிட்டது, போனும் எடுக்கவில்லை. நான் அவரோடு உட்கார்ந்திருந்தேன். அழவில்லை, பேசவில்லை. மகனுடைய துணிகளை மடித்தார், மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார். பையன் உள்ளே வந்ததும் அவனைத் திட்டக்கூட இல்லை, நேரே போய் முழங்கால் போட்டார். அந்த ஜெபத்தையா சுயநலம் என்கிறீர்கள்?

சரி, வேதத்துக்கே வருவோம். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிற பவுல் (1 தீமோத்தேயு 2), எதற்காக என்றும் சொல்கிறார்: நாம் "கலகமில்லாமல் அமைதலுள்ள ஜீவனம்பண்ணும்படிக்கு". அடியும் சிறையும் பட்டவர் எழுதியது இது. கேட்டு ஜெபிக்கச் சொன்னதைப் பெற்றுக்கொண்ட பிறகு நன்றி சொல்லக் கூடாதா?

"உபத்திரவம் இல்லாத சபை வளராது" என்றும் சிலர் சொல்கிறார்கள். அப்போஸ்தலர் 9:31ஐ எடுத்து வாசியுங்கள். சபைகள் சமாதானம் பெற்று, பக்திவிருத்தியடைந்து, பெருகின. சமாதானத்தில் பெருகின.

இயேசு சொன்ன உவமையில் (லூக்கா 18) வரும் பரிசேயனும் நன்றிதான் சொன்னான் என்பீர்கள். அவன் தூரத்தில் நின்ற, வரி வசூலிக்கிற ஆயக்காரனை விடத் தான் மேல் என்பதற்கு நன்றி சொன்னான். அக்கா யாரையும் கீழே வைக்கவில்லை. போரில் இருப்பவர்களைத் தேவன் கைவிட்டுவிட்டாரா என்ற கேள்வி கடினமானது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பதில் தெரியும்வரை நன்றி சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அரசாங்கத்துக்கு ஜால்ரா என்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: நன்றி தேவனுக்கு.

2014இல் ஈராக்கின் மோசூலில் கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில் ஐஎஸ் தீவிரவாதிகள் 'நூன்' என்ற அரபு எழுத்தை எழுதினார்கள், கிறிஸ்தவரைக் குறிக்கும் 'நஸ்ரானி' என்ற சொல்லின் முதல் எழுத்து அது. மதம் மாறு, வரி கட்டு, இல்லையென்றால் சாவு என்று கெடு வைத்தார்கள். கட்டிய துணியோடு ஜனங்கள் வெளியேறினார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் 2019 ஈஸ்டர் காலையில் ஓய்வுநாள் பாடசாலை முடித்த பிள்ளைகள் குண்டுவெடிப்பில் இறந்தார்கள். இலங்கையில் போர் முடிந்து ஏறக்குறைய பத்து வருடம் ஆகியிருந்தது. சமாதானம் இவ்வளவு சீக்கிரம் கைவிட்டுப் போகும் என்று தெரிந்தவர்தான் ஒவ்வொரு வாரமும் நன்றி சொல்கிறார். நமக்கு அது காற்று மாதிரி, இருப்பதே தெரிவதில்லை.

இன்னொன்றும் சொல்லியே ஆகவேண்டும், மனசு ஆறவில்லை. உபத்திரவப்படும் சபைகளுக்கான வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு யார் வருகிறார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். சூடானுக்காகவும் மியான்மாருக்காகவும் அங்கே கண்ணீர் விடுகிறவர், மறந்துவிட்டார் என்று நீங்கள் சொன்ன அதே அக்காதான். சகோதரரை இதுவரை அங்கே பார்த்ததில்லை. இந்த வெள்ளி ஏழு மணிக்கு வாருங்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள். அதற்குப் பிறகும் சுயநலம் என்று தோன்றினால் என்னிடம் சொல்லுங்கள், அவரிடம் வேண்டாம்.