ஹோல்டரில் உட்கார்ந்தால் எந்த பல்பும் போடலாமா? இல்லை

"ஹெட்லைட் ஹோல்டரில் உட்காரும் எந்த எல்இடி பல்பையும் காரில் போடலாம், வெளிச்சம் இரண்டு மடங்கு, யாரும் கேட்க முடியாது" என்று ஒரு செய்தி சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

ஹாலஜன் (இழை சூடாகி எரியும் பல்பு) விளக்கின் ரிஃப்ளெக்டர், அதாவது ஒளியை முன்னால் திருப்பும் பளபளப்பான கிண்ணம், பல்புக்குள் இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் பண்ணி வடிவமைத்தது. எல்இடியில் ஒளி கிளம்பும் இடம் கொஞ்சம் மாறினாலும் வெளிச்சம் ரோட்டில் விழாமல் சிதறி, மீடியன் இல்லாத ரோட்டில் எதிரே வருகிற பைக்காரர் கண்ணில் அடிக்கும், அந்தச் சில நொடி அவருக்கு ரோடே தெரியாது. உயிர் போகிற விஷயம் இது. எதிரே வருபவர் கண் கூசக் கூடாது என்பதற்காகவே 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106வது விதி இருக்கிறது, சாலைப் போக்குவரத்து அமைச்சக இணையதளத்தில் நீங்களே படிக்கலாம். வாட்ஸ் கூடின ஹாலஜனும் வேண்டாம்: எச்4 வகை பல்பு என்றால் 60/55 வாட்ஸ் (ஹை பீம்/லோ பீம்), அதில் 100/90 போட்டால் ஹோல்டரும் ஒயரிங்கும் சூடாகி உருகலாம்.

உடைந்த ஹெட்லைட்டுக்கு கார் கம்பெனி அல்லாத வெளி கம்பெனி ஹெட்லைட் செட் வாங்குவது தப்பில்லை. ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ வாங்கும்போது, கார் கையேட்டில் சொன்ன பல்பு வகைதானா, நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்ததா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒளி எதிரே வருபவர் பக்கம் தூக்கும். அப்புறம், மாட்டியதும் சுவரில் வெளிச்சம் அடித்து அதன் உயரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு பண்ணாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.