அந்த நாளுக்கு ஏக்கம் தேவையில்லை
பழைய தமிழ்ப் படங்களின் பெருமையெல்லாம் வெறும் ஏக்கம்தான் என்று ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. 'பராசக்தி' (1952) நீதிமன்ற வசனம் இன்றும் சிலிர்க்க வைக்கும், ஆனால் முழுப்படமும் பார்க்க உட்கார்ந்தால் நடுவில் கைப்பேசியைத் தேடுகிறேன். 'அந்த நாள்' (1954) அப்படியில்லை. அந்தக் கட்டுரைக்குப் பின்னூட்டமிட்ட ஒருவர் கறுப்பு வெள்ளை என்றாலே இளசுகள் ஓடிவிடும் என்கிறார். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டில் இந்தப் படத்தைப் போட்டபோது, சிவாஜியை மீம்களில் மட்டுமே பார்த்திருந்த என் பதினாறு வயது மகன் எழுந்திருக்கவே இல்லை. அவன் குடிக்க வைத்திருந்த மைலோ பானத்தில் ஆடை படிந்துவிட்டது. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது, ஆளுக்கொரு விதமாகச் சொல்லச் சொல்லக் கொலைக் கதை மாறிக்கொண்டே போகும். 1943இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயத்தில் தொடங்கும் கதை வேறு. "அப்போ இங்க சியோனான் தானேப்பா?" என்றான், ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூருக்கு இருந்த பெயரைச் சொல்லி. இதில் அவனுக்கு ஏது ஏக்கம்?