நமக்கு ஆகும், பிள்ளைக்கு மட்டும் ஆகாதா?

போன சனிக்கிழமை கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. பிரியாணி முடிந்து, கேக் வெட்டுவதற்கு முன்னால் அம்மாக்கள் எல்லாம் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டோம். ஏப்ரல் மாதம் ஆச்சே, வேறென்ன பேச்சு, அட்மிஷன்தான். யாருக்கு எங்கே கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை. அப்போது ஒரு அக்கா குரலைத் தாழ்த்தி, "அவங்க பையன் கம்யூனிட்டி காலேஜ்தான் போறானாம், பாவம்" என்றார். யாரோ ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொல்வார்களே, அந்தத் தொனி. கம்யூனிட்டி காலேஜ் என்றால் மார்க் பார்க்காமல் யாரையும் சேர்த்துக்கொள்ளும், கட்டணம் குறைந்த இரண்டு வருஷ அரசுக் கல்லூரி.

அங்கே நாங்கள் ஏழு பேர். அதில் நான்கு பேர் கம்யூனிட்டி காலேஜ் வகுப்பில் படித்தவர்கள், அந்த அக்கா உட்பட. அங்கேயே சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

2011இல் மூன்று வயதுப் பிள்ளையோடு, வேலை விசாக்காரரின் துணைக்குத் தரும் எச்4 விசாவில் வந்து இறங்கினேன். மதுரையில் பி.காம் முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீஸில் நான்கு வருஷம் வேலை பார்த்தவள். இங்கே வேலைக்குப் போகக் கூடாது, ஆனால் படிக்கலாம். முதல் வருஷம் சேர்ந்தால் வெளிமாநிலத்தவர் கட்டணம், அது பல மடங்கு. ஒரு வருஷமும் ஒரு நாளும் இங்கே வசித்ததைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணம். அந்த ஒரு நாளையும் சேர்த்து எண்ணிக் காத்திருந்து, 2012 இலையுதிர்ப் பருவத்தில் அக்கவுண்டிங் வகுப்பில் சேர்ந்தேன். இங்கே பாடத்தின் அளவை யூனிட்டில் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குவார்கள். அப்போதுதான் யூனிட்டுக்கு 36 டாலரை 46 ஆக்கியிருந்தார்கள். மூன்று யூனிட் வகுப்புக்கு 138 டாலர். புத்தகம் அதைவிட விலை, அது தனிக் கதை.

என் பக்கத்து சீட்டில் பகலில் லாரி ஓட்டும் ஒருவர். முன்னால் வியட்நாமியப் பாட்டி ஒருவர், பொழுது போகாமல் சேர்ந்தவர், பரீட்சையில் எங்கள் எல்லோரையும் தாண்டிவிடுவார். பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். யாரிடமும் 'உன் மார்க் என்ன' என்று கேட்டு உள்ளே விட்டதில்லை. எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டை லேமினேட் செய்து பீரோவில் பூட்டி வைக்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அது கொஞ்சம் அதிர்ச்சிதான். 2015இல் எச்4காரர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி வந்தபோது, கையில் அந்த வகுப்புகள் இருந்ததால்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது.

இப்படி ஒரு கல்லூரியை யார் யோசித்தார்கள் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். இதன் தொடக்கம் அவ்வளவு தர்மகாரியமாக இல்லை. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் ஊரில், ஒரு உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே ஆறு மாணவர்களோடு ஆரம்பித்தது முதல் அரசு ஜூனியர் காலேஜ். கம்யூனிட்டி காலேஜுக்கு அந்தக் காலத்துப் பெயர் அதுதான். அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். முதல் இரண்டு வருஷப் பாடத்தை வெளியே எங்காவது முடித்துக்கொண்டு வரட்டும், பல்கலைக்கழகம் ஆராய்ச்சியைப் பார்க்கட்டும் என்பது அவர் கணக்கு. கூட்டத்தை வாசலிலேயே நிறுத்துகிற ஏற்பாடு என்றும் இதைச் சொல்லலாம்.

கலிஃபோர்னியாவிலும் அதே கதைதான். 1907இல் உயர்நிலைப் பள்ளிகளே கல்லூரிப் பாடம் நடத்த அனுமதி கொடுத்துச் சட்டம், 1910இல் ஃப்ரெஸ்னோவில் முதல் கல்லூரி. பிறகு 1960இல் வந்தது மாநிலத்தின் உயர்கல்வித் திட்டமான மாஸ்டர் பிளான். அப்போது யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தலைவர் கிளார்க் கெர். பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்குக்கு யூசி, மேல் மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்டேட் காலேஜ், மீதி யாராக இருந்தாலும் ஜூனியர் காலேஜ் என்று பந்தி பிரித்தார்கள். ஆனால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர் எழுந்து முதல் பந்திக்குப் போக வழி வைத்தார்கள். இரண்டு வருஷம் ஒழுங்காகப் படித்தால் யூசியில் மூன்றாம் வருஷத்தில் சேரலாம். அந்த வழிதான் இதைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். அறுபதுகளில் கல்லூரிகள் மளமளவென்று முளைத்தன. குபர்டினோவில் டி ஆன்சா 1967இல் திறந்தது. முன்பு திராட்சைத் தோட்டமாக இருந்த இடம், அந்தக் காலத்து மாளிகை இன்னும் வளாகத்துக்குள் நிற்கிறது. இன்று மாநிலம் முழுவதும் 116 கல்லூரிகள்.

1984 வரை உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணமே கிடையாது. 1978இல் சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்து ஓட்டுப் போட்டார்கள், கல்லூரிகளுக்கு வந்துகொண்டிருந்த பணம் வற்றியது, யூனிட்டுக்கு 5 டாலர் என்று ஆரம்பித்தார்கள். அந்த 5தான் என் காலத்தில் 46. ஆச்சரியம் என்னவென்றால் இன்றும் அதே 46. பால், முட்டை, வாடகை எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

குறை இல்லையா? நிறைய உண்டு. பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் எங்கள் பக்கத்து சான் ஹோசேயின் ஜூனியர் காலேஜை ஆராய்ந்து 1960இல் ஒன்று எழுதினார். பெரிய கனவோடு வருகிற பிள்ளையை யாரும் முகத்துக்கு நேரே 'உன்னால் முடியாது' என்று சொல்வதில்லை. ஒரு டெஸ்ட், ஒரு கவுன்சிலர், ஒரு சின்ன கோர்ஸ் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆசையை ஆற வைத்துவிடுகிறார்கள் என்றார். நம் ஊரில் ஆறப்போடுவது என்போமே, அதேதான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று பாட்டி சொன்னதும் அதைத்தான். பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகப்போகிறேன் என்று வந்து பாதியிலேயே காணாமல் போனவர்களை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். என் அக்கவுண்டிங் ஆசிரியர் ஒரே வாரத்தில் மூன்று கல்லூரிகளில் பாடம் எடுத்தார். இப்படிப்பட்டவர்களுக்கு இங்கே 'ஃப்ரீவே ஃப்ளையர்', அதாவது நெடுஞ்சாலையில் பறப்பவர், என்றே பெயர். அவருக்கு ஆபீஸ் அறை கிடையாது, சந்தேகம் கேட்க பார்க்கிங் வரைக்கும் கூடவே நடப்போம்.

ஆனால் விருந்தில் பேசப்பட்டது இந்தக் குறையைப் பற்றி அல்லவே. அது வெறும் கௌரவப் பிரச்சினை. வேடிக்கையைக் கேளுங்கள். இதே வீடுகளில் பதினொன்றாவது படிக்கும் பிள்ளையைக் கோடையில் கம்யூனிட்டி காலேஜில் கால்குலஸ் எடுக்க வைக்கிறோம். யூசி விண்ணப்பத்தில் எடுப்பாக இருக்குமாம். பன்னிரண்டாவதுக்கு முன் போனால் புத்திசாலி, பன்னிரண்டாவதுக்குப் பின் போனால் பாவம்!

டேவிஸ், அர்வைன், சான்டா பார்பரா உட்பட ஆறு யூசி வளாகங்கள், சொன்ன பாடத்தைச் சொன்ன மார்க்கோடு முடித்தால் இடம் உறுதி என்று எழுதியே கொடுக்கின்றன. பெர்க்லியும் யூசிஎல்ஏவும் அதில் இல்லை, அது உண்மை. வருஷத்துக்கு 30 யூனிட் என்றால் 1,380 டாலர். பி.காம் படித்தவளுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சரி, விருந்தில் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். அந்த 'பாவம்' பையன் என் மகன்தான். அக்காவுக்கு அது தெரியாது. யாரோ சொன்னதை யாரோ சொல்லி, பெயர் உதிர்ந்து வந்திருக்கிறது. அவனுக்குக் கேட்ட இடம் கிடைக்கவில்லை, இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, "அம்மா, நீ போன காலேஜ் லாகின் எப்படிம்மா போடணும்?" என்று கேட்டான். என் பழைய மாணவர் எண் எனக்கு இன்னும் மனப்பாடம். ஆகஸ்டில் கிளாஸ். பார்க்கிங் பெர்மிட்டுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும், காலை எட்டு மணிக்கு முன்னால் போகாவிட்டால் காசு கட்டியும் இடம் கிடைக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.