ஆட்டோகம்ப்ளீட்டில் கூடுதல் பாராமீட்டர் அனுப்ப முடியும்

ஜேக்வெரி யூஐ என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் ஆட்டோகம்ப்ளீட், பெட்டியில் தட்டத் தட்டப் பொருத்தமான விடைகளைப் பட்டியலாகக் காட்டும். "அது 'டெர்ம்' (தட்டிய சொல்) ஒன்றை மட்டும்தான் சர்வருக்கு அனுப்பும், வேறு எந்த பாராமீட்டரையும் (மதிப்பையும்) சேர்க்க முடியாது" என்று சிலர் சொல்வது சரியில்லை. விடைகள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் 'சோர்ஸ்' ஆப்ஷனில் வெறும் சர்வர் முகவரியைக் கொடுத்தால்தான் அப்படி. அங்கே ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள். ஒவ்வொரு தேடலுக்கும் அது ஓடும்; ரிக்வெஸ்ட் (தேடல் விவரம்), ரெஸ்பான்ஸ் (விடையைத் திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷன்) என்று இரண்டு அதற்குக் கிடைக்கும். ரிக்வெஸ்டிலிருந்து டெர்மை எடுத்து, வேண்டியதைச் சேர்த்து ஏஜாக்ஸில் (பக்கத்தை மறுபடி ஏற்றாமல்) சர்வருக்கு அனுப்பி, வந்த பட்டியலை ரெஸ்பான்ஸிடம் கொடுத்தால் போதும்.

உதாரணத்துக்கு, சென்னை வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையின் டெலிவரி படிவத்தை எடுத்துக்கொள்வோம். ராயபுரமா தண்டையார்பேட்டையா என்று தேர்ந்தெடுத்த பிறகுதான் தெருப்பெயர் வர வேண்டும். அந்தப் பகுதியின் மதிப்பை ஃபங்ஷனுக்கு உள்ளேயே படியுங்கள். பக்கம் திறக்கும்போதே முகவரியின் பின்னால் ஒட்டிவிட்டால், ஆள் அப்புறம் கொருக்குப்பேட்டைக்கு மாற்றினாலும் பழைய ராயபுரம் தெருக்களே வந்து நிற்கும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கூடுதல் மதிப்புகளை அனுப்ப சிலர் சொல்லும் 'எக்ஸ்ட்ராபாராம்ஸ்' என்ற ஆப்ஷன், ஜேக்வெரியின் பழைய தனி ஆட்டோகம்ப்ளீட் பிளகினில் இருந்தது. 2010-இல் 1.8 பதிப்போடு யூஐக்குள் வந்த ஆட்டோகம்ப்ளீட்டில் அது கிடையாது. எழுதினாலும் பிழைச்செய்தி வராது, சும்மா கிடக்கும். விடைகளை கேஷ் செய்பவர்கள் (சர்வரை மறுபடி கேட்காமல் இருக்க சேமித்து வைப்பவர்கள்), அவற்றைத் தேடி எடுக்கும் கீயில் டெர்மோடு பகுதியையும் சேர்த்துவிடுங்கள்; இல்லாவிட்டால் வேறு பகுதியின் தெருக்கள் வந்துவிடும்.